சாக்குக்குள் ஒரு கல்

"ஒரு மாச ஒத்திவச்ச தண்டனைதானேம்மா? ஜெயிலுக்கா போகப் போறீங்க? விட்டுத் தள்ளுங்க" என்றார் சட்டத்தரணி கஜேந்திரன், நீதிமன்ற வாசலில் நின்றபடி.

"விட்டா தோட்டத்து வேலையில பேர் வெட்டிருவாங்க. குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். அப்பீல் போடுங்க" என்றாள் ராசம்மா.

தேயிலைக் கொழுந்துச் சாக்கில் கல்லை வைத்து நிறுவைக்குக் கொண்டுபோய்த் தோட்டத்தை ஏமாற்றப் பார்த்தாள் என்பது வழக்கு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை விஜிதரன் கையும் கல்லுமாகப் பிடித்தார். கொழுந்து நிறுக்கும் அதே தோட்டத்துத் தராசில் கல்லை நிறுத்து, 'இரண்டு கிலோ' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்துப் பொலிசில் கொடுத்தார். பிடிப்பதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவைப்படவில்லை. சாக்கின் வாய்க்குப் பக்கத்திலேயே கல்லை வைத்து, மேலே நாலு கொழுந்தைத் தூவியிருந்தாள். ஒளிக்கவும் தெரியாத மடச்சி என்று லயமே சிரித்தது.

அந்தக் கணக்கப்பிள்ளை மனுசன் தினமும் ஈரம், சாக்கு எடை என்று ஆளுக்கு மூன்று கிலோ வெட்டுவாரே, அதற்குப் பெயர் மட்டும் வழக்கமாம்!

புருசன் அழகுமுத்து மெல்ல வாயைத் திறந்தான். "ஏ புள்ள, அந்தக் கல்லு..."

"நீங்க சும்மா இருங்க. ஒங்க வாயில போனா கினிகத்தேனை டவுன் வரைக்கும் போயிரும்."

ஏழு மாதம் கழித்து நுவரெலியா மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு விசாரணைக்கு வந்தது.

"கல் தானாகவே உருண்டு விழுந்திருக்கலாம், கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பித்தார் கஜேந்திரன்.

"தானா உருண்டு சாக்குக்குள்ள ஏறுமாங்க? நான்தான் வச்சேன்!" என்று குறுக்கிட்டாள் ராசம்மா.

அரச சட்டவாதி சிரித்துவிட்டார். கஜேந்திரனுக்கு வியர்த்தது. சட்டென்று வாதத்தை மாற்றினார். "ஏழைப் பெண். வெறும் இரண்டு கிலோக் கல். இரக்கம் காட்ட வேண்டும்."

நீதிபதி மனமிரங்கிப் பேனாவை எடுத்தார்.

"யாரு சொன்னா ரெண்டு கிலோன்னு? நிறுத்துப் பாருங்க!" என்றாள் ராசம்மா.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

பின்வரிசையில் அழகுமுத்து எழுந்தான். "ஐயா, நான் ஒன்னு..."

"ஒக்காருங்க!" என்றாள் ராசம்மா.

நீதிபதி சொல்ல, கடைத்தெருவிலிருந்து அரச முத்திரை குத்திய தராசு வந்தது. கல்லை வைத்தார்கள். மூன்று கிலோ.

"அப்படியானால் குற்றம் இன்னும் பெரிது. தண்டனையைக் கூட்ட வேண்டும்" என்று துள்ளி எழுந்தார் அரச சட்டவாதி. கஜேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். பொம்பளை தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டாளே!

நீதிபதி மட்டும் பொலிசில் கொடுத்திருந்த பழைய துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "இதில் இரண்டு கிலோ என்று எழுதியது யார்?"

"நான்தாங்க" என்று பெருமையாக எழுந்தார் விஜிதரன். "தோட்டத்துத் தராசுல நானே..."

தோட்டத்துத் தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டுவதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டது பாதியில்தான் உறைத்தது. மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

நீதிபதி ராசம்மாவிடம் கேட்டார். "நீ எதற்கம்மா கல்லை வைத்தாய்?"

"அந்தத் தராசு காட்டுற நிறையை அவரு கையாலயே எழுத வைக்கத்தாங்க" என்றவள் பின்வரிசையைப் பார்த்தாள். "இப்பச் சொல்லுங்க."

அழகுமுத்து தோளைத் தடவிக்கொண்டே எழுந்தான்.

"அதத்தானுங்க மொதல்லயிருந்து சொல்ல வாறேன். நோர்வூட் மரக்கறிக் கடைத் தராசுல சரியா மூணு கிலோ நிக்கிற கல்லு கெடைக்கிற வரைக்கும், பதினாலு கல்லு சொமந்தது நானுங்க!"