டெஸ்ஸாவின் ட்ரோம்போனும் சீஸ் எந்திரமும்

ஒரு குழந்தை பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் சேர்கிறது என்று சொல்வது விவரம் தெரியாதவர்களின் வழக்கம். சேர்கிறவர்கள் பெற்றோர்கள்தான். குழந்தை, அவர்கள் சேர்ந்ததற்கான அத்தாட்சி. டெக்சஸில், பருத்திக் காட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே கிடக்கும் பெல்வின் என்ற சிற்றூர், இந்த மாபெரும் உண்மையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் உலகுக்கு வாழ்ந்து காட்டுகிறது.

ரோண்டா குபேனா இதை அறியாமல்தான் மகள் டெஸ்ஸாவுக்கு ஆறாம் வகுப்பில் ஒரு ட்ரோம்போனை வாங்கிக் கொடுத்தாள். ட்ரோம்போன் நேர்மையான கருவி. அமுக்கப் பொத்தான் கிடையாது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், அவ்வளவுதான். வெளிக்குழாயை நீட்டினால் சுரம் இறங்கும், இழுத்தால் ஏறும். எங்கே நிறுத்துவது என்று குழாயில் கோடு எதுவும் போட்டிருக்காது. அது கைக்கே தெரிய வேண்டும். தெரியும் வரை வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குபேனா வீட்டு நாய் முதல் வாரமே கார் ஷெட்டுக்குக் குடிபெயர்ந்தது. டெஸ்ஸா எட்டாம் வகுப்பு போனபோதுதான் திரும்பி வந்தது. மகளுக்கு வாசிப்பு வந்துவிட்டது என்று ரோண்டா அன்றைக்குத்தான் நம்பினாள்.

உயர்நிலைப் பள்ளியில் டெஸ்ஸா பாண்டில் சேர்ந்த அன்றே, ரோண்டா 'பாண்டு பெற்றோர் பேரவை'யில் சேர்க்கப்பட்டாள். பேரவையின் புனிதப் பணி ஒன்றே ஒன்று. ஃபுட்பால் ஆட்டங்களின்போது தின்பண்ட ஸ்டால் நடத்துவது, அந்த வருமானத்தில் பாண்டை வளர்ப்பது.

அந்த ஸ்டால் ஓர் அறிவியல் சாதனை. கேலரிக்கு அடியில், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி கட்டப்பட்டது. மைதானம் தெரிந்தால் வாங்க வருகிறவர் வேடிக்கை பார்த்து நிற்பார், வரிசை நகராது. ஆகவே தெரியாது. ஆட்டம் நடக்கும்போது யாரும் எழுந்து வர மாட்டார்கள். இடைவேளை விட்டதும் ஊரே இறங்கி வரும். பாண்டு மைதானத்துக்குள் வந்து வாசிப்பதும் அதே இடைவேளையில்தான்.

இந்த ஏற்பாட்டில் ஏதோ இடிக்கிறது என்று ஒரு வருஷமாக ரோண்டாவுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் தோன்றும்போதெல்லாம் யாராவது சீஸ் ஊற்றிய நாச்சோ சிப்ஸ் கேட்டார்கள்.

ஃபுட்பால் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் வந்தது. அன்று டெஸ்ஸாவுக்குத் தனி வாசிப்பு. தும்மலைவிடக் கொஞ்சம் நீளம், பாட்டைவிட ரொம்பக் குறைவு. வீட்டில் வாசித்துக் காட்டச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டாள்.

"கிரவுண்டுல வந்து கேளும்மா. அங்கதான் அது நல்லாருக்கும்."

ரோண்டா பேரவைத் தலைவர் கேலன் ஸ்ட்ரவுட்டிடம் போனாள். 'பாண்டே என் உயிர்' என்று அச்சடித்த ஏப்ரனை அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கழற்றுவார்.

"கேலன், இடைவேளையில ஒரு ரெண்டு நிமிஷம் என்னை விடுங்க. எம் பொண்ணு தனியா வாசிக்கிறா."

கேலன் முகம் வாடியது. "ரோண்டா, இங்க பாரும்மா. உன்னை விட்டா பாப்கார்ன் போடுற லூப்பேயும் கேப்பா. அவளை விட்டா எல்லாரும் கேப்பாங்க. எல்லாரும் பாண்டு பாக்கப் போயிட்டா பாண்டை யாரு காப்பாத்துறது?"

"உங்க பையன் வாசிக்கிறப்ப நீங்க ஒரு தடவைகூடப் போனதில்லையா?"

"போனதில்ல!" என்றார் பெருமையோடு. "அவன் படிச்சு முடிச்சே அஞ்சு வருஷமாச்சு. நான் இன்னும் நவுரல பாத்துக்க."

"என்ன வாசிச்சான்?"

கேலன் யோசித்தார். பாப்கார்ன் பொரிந்து முடியும் வரை யோசித்தார். "ஏதோ ஊதுறதுதான். கருப்பா இருக்கும். பெட்டி கருப்பு, அது நல்லா ஞாபகம் இருக்கு."

ரோண்டா திரும்பி நடந்தாள். தன் இடத்துக்கு, சீஸ் எந்திரத்தின் முன்னால், போய் நின்றாள்.

அந்த எந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் ஒரு தட்டுக்கு வேண்டிய மஞ்சள் சீஸ் இறங்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. உள்ளே சூடு இருக்கும் வரை அது ஆறு. சூடு போய்விட்டால் மெழுகு. மறுபடி இளகுவதற்கு ஒரு இடைவேளை முழுக்க ஆகும். இந்தக் கணக்கை ரோண்டா இரண்டு பருவங்களாகக் கைப்பிடியில் நின்றே படித்திருந்தாள். இடைவேளைக்கு முந்தைய இரண்டாம் கால்பகுதிக்கு விசில் ஊதியபோது அவள் குனிந்தாள், வெள்ளரி ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் கையை விட்டாள், நிமிர்ந்தாள்.

பக்கத்தில் பாப்கார்ன் அள்ளிக்கொண்டிருந்த லூப்பே பார்த்துவிட்டாள். அவளுடைய மகன் பாண்டில் முரசு அடிப்பவன்.

"நான் ஒண்ணும் பாக்கலடி" என்றாள் லூப்பே. "ஊறுகாயத்தான் பாத்தேன்."

இடைவேளை விட்டது. ஊர் இறங்கி வந்தது. ரோண்டா கைப்பிடியை அழுத்தினாள். எந்திரம் ஒருமுறை முனகியது, அவ்வளவுதான்.

"சீஸ் வரல!" என்று வரிசையில் ஒரு குரல் எழுந்தது. நாட்டுக்கு ஆபத்து என்றால்கூட பெல்வினில் அப்படியொரு அமைதி நிலவியிருக்காது. கேலன் ஓடி வந்து எந்திரத்தின் முன்னால் மண்டியிட்டார், மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பிறகு எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்தார்.

"யாரும் போகாதீங்க! பாண்டுக்காக நில்லுங்க!"

யாரும் போகவில்லை. பாண்டுக்காக நின்றார்கள்.

லூப்பே ரோண்டாவின் முழங்கையில் இடித்தாள். "போடி சீக்கிரம். எம் பையனையும் ஒரு பார்வை பாத்துட்டு வா. நெட்டையா இருப்பான், இடது கோடியில."

ரோண்டா கையில் சீஸ் கரண்டியோடு சாய்தளத்தில் ஏறி ஓடினாள். மேலே வந்ததும் நின்றாள். விளக்குகள் எரிந்தன. கேலரி முழுக்க வெறும் பலகைகள். தொப்பியை முகத்தில் கவிழ்த்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்க கேலரியிலும் ஆளில்லை. ஆட வந்த எதிரணி ஊருக்கும் ஒரு பெற்றோர் பேரவையும் ஸ்டாலும் உண்டு.

டெஸ்ஸா வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். குழாயை நீட்டினாள். முதல் சுரம் தாழ்வாக, அகலமாகப் புல்வெளியில் இறங்கியது. பிறகு ஏறியது. ஓர் இடத்தில் கை அரை விரற்கடை தாண்டிவிட்டது. அவள் பதறாமல் அதை இழுத்துக்கொண்டு வந்து சரியான இடத்தில் உட்கார வைத்தாள். அந்த வெற்று மைதானத்தில் சுரம் முட்டித் திரும்ப ஒரு தடையும் இல்லை. அது பருத்திக் காடு வரைக்கும் போயிருக்கும்.

முடிந்ததும் ரோண்டா கரண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள். பாண்டு முழுவதும் திடுக்கிட்டுத் திரும்பியது. இடது கோடியில் ஒரு நெட்டைப் பையன் குச்சியைத் தவறவிட்டான்.

ஆட்டம் முடிந்து காருக்கு வந்தபோது டெஸ்ஸா கேட்டாள்: "அம்மா, அது நீயா? நாங்க பயந்தே போயிட்டோம். ஏதோ தப்பா வாசிச்சிட்டோம், யாரோ நிறுத்தச் சொல்றாங்கன்னு நெனச்சோம்."

"இல்லடி. நல்லாருந்துச்சு."

"அந்த எடத்துல கொஞ்சம் தாண்டிருச்சு."

"கேட்டேன்" என்றாள் ரோண்டா. அந்த ஒரு சொல்லைச் சொல்வதில் அவளுக்கு இருந்த சுகம் சொல்லி முடியாது.

பருவ இறுதிக் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. அடுத்த ஆண்டு சேரப்போகும் குழந்தைகளின் பெற்றோர் புது ஏப்ரன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். சீஸ் உறைந்ததற்குக் காரணம் 'எதிர்பாராத வானிலை' என்று பேரவை ஒருமனதாகக் கண்டறிந்தது. கிழிந்த பெரிய முரசுக்குத் தோல் மாற்றும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாவது சீஸ் எந்திரம் வாங்கும் திட்டம் நிறைவேறியது. பிறகு கேலன் எழுந்தார். ஏப்ரனை நீவிவிட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு இடைவேளையில கேலரியில ஒருத்தர்கூட இல்ல. அத்தனை பேரும் கீழ நம்ம வரிசையில! ஒரு ஊரு பாண்டு மேல இதுக்கு மேல எப்படிங்க பாசம் காட்டும்?"

பலத்த கைதட்டல். பெல்வின் பாண்டு ஒருநாளும் கேட்டிராத அளவு பலத்தது.

"புள்ளைய பாண்டுல சேக்குறதுக்கு முன்னாடி பெத்தவங்க என்ன தெரிஞ்சுக்கணும்? நம்ம ரோண்டா புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுவாங்க."

ரோண்டா எழுந்தாள். லூப்பே தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க புள்ளைங்க நல்லா வாசிக்கும்" என்றாள் ரோண்டா. "அதைக் கேக்கணும்னு ஆசை இருந்தா, பிளக் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னாடி இருக்கு."