பெரிய கே, கடைசியில் ஆச்சரியக்குறி

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது என்பார்கள். என்னுடையதை நான் கீரனூர் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் நின்று, ஒரு வேன் உறவினர்கள் கேட்கக் கத்திச் சொன்னேன்.

என் மாமனாரும் மாமியும் துபாய் போக வேண்டியிருந்தது. அங்கே மூத்த மருமகளுக்குப் பிரசவ நேரம். டிக்கெட் போட்டுக் கொடுத்தது நான்தான். மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தாள்ல எடுத்துக் கையில குடுத்துருங்க மாப்ள.”

“தாள் தொலைஞ்சிரும் மாமா. லாகின்ல இருக்கு, அதுதான் பத்திரம். பாஸ்வேர்டு உயிரே போனாலும் எனக்கு மறக்காது” என்றேன். (இணையப் பாதுகாப்பில் எனக்கு அப்போது பெரிய ஞானி என்ற நினைப்பு. ஸ்மார்ட்போனில் திருடிவிடுவார்கள் என்று பட்டன் போன்தான் வைத்திருந்தேன்.)

பாஸ்வேர்டு மறக்காததற்குக் காரணம் உண்டு. டிக்கெட் போட்ட அந்த வெப்சைட் சில மாதங்களுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும், பழையது கூடாது என்று ஏகப்பட்ட கெடுபிடி. அப்படி அது உயிரை வாங்கிய ஒருநாள், என் மனதில் ஆறாமல் கிடந்த ஒரு விஷயத்தையே போட்டுவிட்டேன். கட்டுமாவடியில் மீன் ஏலக்கடை வைத்திருக்கும் என் மாமா, புது மாப்பிள்ளையான எனக்கு முதல் விருந்தில் போட்டது மலிவான சாளை மீன். விலை கூடிய சீலா மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் லாரி ஏறிவிட்டது.

வழியனுப்ப இரண்டு வேன் கிளம்பியது. மாமா, மாமி, மச்சான் இர்பான் எல்லாரும் முன் வேனில். நானும் என் மனைவி ஷமீமாவும் மற்ற உறவினர்களும் பின் வேனில். எங்கள் வேன் கீரனூர் தாண்டிப் பஞ்சராகி நின்றது. சற்று நேரத்தில் திருச்சி விமான நிலையத்திலிருந்து இர்பான் கூப்பிட்டான்.

“மச்சான், டிக்கெட்டக் காட்டாம உள்ள விட மாட்டேங்கிறாங்க. பாஸ்வேர்டச் சொல்லுங்க.”

“நான் வந்து போடுறேன்.”

“கவுன்ட்டர மூடிருவாங்க மச்சான்! அக்கா பேரப் போட்டுப் பாத்தேன், தப்புன்னு வந்துருச்சு. இன்னொரு தடவ தப்பாப் போட்டா பூட்டிக்கிருமாம்.”

என் போனில் ஒருவர் பேசினால் பத்துப் பேருக்குக் கேட்கும். ஷமீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மறந்துருச்சுப்பா” என்றேன்.

“உயிர் போனாலும் மறக்காதுன்னீங்களே? இங்க மாமி அழுகுறாங்க.” (அவன் அம்மாவைத்தான் சொன்னான். பதற்றத்தில் என் உறவுமுறை அவனுக்கு ஒட்டிக்கொண்டது.)

மாமி அழுகிறார் என்றதும் என் வீராப்பெல்லாம் இறங்கிவிட்டது. லாரிகள் இரைச்சலாகக் கடந்துகொண்டிருந்தன. கத்தினேன்.

“பெரிய கே. அப்புறம் ஏ, என், ஜே, ஏ.”

அங்கே அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, யாரோ தட்டுவது கேட்டது.

“யாருடா தட்டுறது?”

“அத்தாதான். அவங்க போன்லதான போடுறோம்.”

அத்தா என்றால் அவன் அப்பா; என் மாமாவேதான். கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் கத்தினேன். “எம், ஏ, எம், ஏ. ஒண்ணு. கடைசியில ஆச்சரியக்குறி.”

கஞ்ச மாமா. எங்கள் வேனில் ஷமீமாதான் முதலில் எழுத்துக்கூட்டி முடித்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் போனுக்கு வந்த ஓடிபியை மட்டும் படித்துச் சொன்னேன்.

மாமாவின் குரல் வந்தது. “தொறந்துருச்சு மாப்ள. இதயா பூட்டு போட்டு வச்சிருந்தீங்க? கட்டுமாவடியில எந்தக் கடையில கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே.”

விமானம் கிளம்பியது. பேரனும் நல்லபடியாகப் பிறந்தான். மாமா ஊர் திரும்பியதும், பேத்தியோ பேரனோ யார் எங்கே பயணம் போனாலும் டிக்கெட் தாளில்தான் என்று சட்டம் வந்தது.

பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வெப்சைட்டிலிருந்து தகவல் வந்தால், இப்போதும் ஷமீமா உடனே அப்பாவுக்குப் போன் போடுகிறாள். “அத்தா, மாத்துற மாசம் வந்துருச்சு.” மறுநாள் ஐஸ் வைத்த பெட்டியில் முழுச் சீலா மீன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் சாளைதான்.

அந்த வெப்சைட் வாராவாரம் மாற்றச் சொன்னால் தேவலை.