கடமான் தலை

அடுப்பு பளபளவென்று இருந்தது. வம்பே அதனால்தான் வந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒட்வார் கொட்டகையில் குந்தியபடி அதைத் தேய்த்திருந்தான். கம்பி பிரஷ், உப்புத்தாள், கறுப்பு மெருகு. கதவு இடுக்கில் புகை கசியாமல் இருக்கப் புதுக் கயிறு. வார்ப்பிரும்பில் முகம் தெரிந்தது. அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி குன்வோர் கைபேசியும் கையுமாக வந்து நின்றாள்.

"இது எந்த வருஷத்து அடுப்பு?"

"வித்த ஆளோட அப்பா எழுபத்தெட்டுல வாங்கினாராம்."

"அப்ப போச்சு. தொண்ணூத்தெட்டுக்கு அப்புறம் செஞ்சதுன்னா வைக்கலாம். நாப்பதுக்கு முன்னாடி செஞ்சதுன்னா பழம்பொருள், அதையும் வைக்கலாம். நடுவுல பொறந்தது எதையும் புதுசா மாட்டக் கூடாது. புகை ஜாஸ்தி."

"யார் சொன்னா?"

"சட்டம்."

அவள் குரலில் வருத்தம் அதிகமில்லை. வீட்டில் முன்பிருந்த அடுப்பு விரிசல் விட்ட நாளிலிருந்து அவள் மின்சாரத்தில் சூடு ஊதும் ஹீட் பம்ப் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறன்று மெழுகுவத்தி ஏற்றும்போது அடுப்பு எரிய வேண்டும், அடுப்புகளைச் சோதிக்கும் நகராட்சிப் புகைபோக்கிக்காரி கையெழுத்தோடு. இல்லையென்றால் திங்கட்கிழமை பம்ப்காரன் வந்து சுவரைத் துளைப்பான்.

வீட்டின் பின்னால் பதினொரு கன மீட்டர் பிர்ச் விறகு இருந்தது. ஒட்வார் தானே வெட்டி, பிளந்து, அடுக்கி, இரண்டு வருடம் காயவைத்தது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த அடுக்குக்கு எதிரே ஒரு வெள்ளைப் பெட்டி உர்ரென்று ஊதுவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பாத்தா நாப்பதுக்கு முந்தி மாதிரிதானே இருக்கு?" என்றான்.

"இருந்துச்சு. நீ தேய்க்கறதுக்கு முன்னாடி."

அன்றே அடுப்பை உப்பும் காடியும் பூசி முற்றத்தில் வைத்தான். மழைக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. நான்காம் நாள் துரு பிடித்தது. ஆனால் ஆரஞ்சு நிறத்தில், பச்சைக் குழந்தை மாதிரி புதுத் துரு.

"பழசா தெரியல. நேத்து கடல்லேர்ந்து எடுத்த மாதிரி இருக்கு," என்றாள் குன்வோர், சன்னலைத் திறந்து.

ஆளி எண்ணெயில் புகைக்கரி குழைத்துப் பூசினான். நிறம் வந்தது. கூடவே கீல் இறுகிக் கதவு திறக்க மறுத்தது. சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு. திறக்கவில்லை. செல்லமில்லாமல் ஒரு தட்டு. கதவு திறந்தது, கைப்பிடி உடைந்து கையோடு வந்தது.

மறுநாள் அடுப்பில் பித்தளைக் கைப்பிடி ஒன்று மின்னியது. குன்வோர் அதை வெகு நேரம் பார்த்தாள்.

"இதை எங்கயோ பாத்திருக்கேனே."

"அந்தக் காலத்துல எல்லாம் ஒரே மாதிரிதான் செய்வாங்க."

"என் மேசை டிராயருக்குமா?"

அவன் அடுப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினான். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. துருவுக்கும் கரிக்கும் அடியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கடமான் தலை. கொம்பு விரித்து நேராக அவனையே பார்த்தது.

ஒட்வாருக்கு அந்தக் கடமானைத் தெரியும். மச்சான் ஏகிலின் மலைக் குடிலில் இருக்கும் அடுப்பிலும் அதே தலைதான். குடில் கட்டியது எழுபத்துநாலில், அடுப்பும் அப்போது வைத்ததுதான். கல் சுமக்க இவனும் போயிருந்தான்.

"காட்டிக் கொடுத்துடும் போலிருக்கே," என்று முணுமுணுத்தான்.

"ஏகிலுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன். அவனுக்கு அடுப்பு பத்தித் தெரியும்."

"உன் தம்பிகிட்டயா? விறகை அடுக்கறப்ப பட்டை கீழ இருக்கணும்னு சொன்னவன்கிட்டயா?"

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

"பட்டை மேலதான் இருக்கணும், குன்வோர். இன்னிக்கும் மேலதான்."

"சரி. மானோடயே பேசிக்கோ."

மானோடு அவன் பேசவில்லை. கிரைண்டிங் மெஷினை எடுத்தான். பொறி பறந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு மணி நேரத்தில் கொம்பு போனது, காது போனது, கடைசியாக அந்தப் பார்வையும் போனது. வழவழவென்று ஆன இடத்தில் கரி பூசினான். அதன் மேல் உப்பு. அதன் மேல், ஒரு திருப்திக்காக, காப்பிச் சக்கை.

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. செங்கல் சுவரிலிருந்து சரியான தூரம். கீழே கனத்த கண்ணாடித் தகடு. குழாய் புகைபோக்கிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அதில் அவன் பொய்யே சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை புகைபோக்கிக்காரி ஹால்டிஸ் வந்தாள். அறுபதை நெருங்கியவள், நகக்கண்ணில் கரி. அளந்தாள், தட்டினாள், குழாய்க்குள் விளக்கடித்தாள். ஒட்வார் அவள் பின்னாலேயே நகர்ந்தான்.

"மாட்டினது யாரு?"

"நான்தான்."

"சுத்தமான வேலை." மேசையில் உட்கார்ந்து காப்பியை இழுத்துக்கொண்டாள். குன்வோர் வாஃபிளை வைத்து, மேலே பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டாள். "அடுப்பு எந்த வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்னு," என்றான் ஒட்வார். "படகுல வந்தது. துடுப்புப் படகு. நாலு பேர் வலிச்சாங்க."

"நாலு பேருக்கும் பேர் உண்டா?" என்று கேட்டாள் குன்வோர்.

"ஒருத்தர் பேர் மறந்துபோச்சு."

ஹால்டிஸ் மென்றுகொண்டே அடுப்பைப் பார்த்தாள். "மேலெல்லாம் ஏன் இப்படி ஒரு வாசனை? ஊறுகா மாதிரி."

"பழசு இல்லையா. அந்தக் காலத்து வாசனை."

"ம்." அவள் படிவத்தை எடுத்து விரித்தாள். பேனாவைத் திறந்தாள். பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. "உங்க மச்சான் ஏகில் குடில்லயும் இந்த மாதிரிதானே ஒண்ணு இருக்கு?"

ஒட்வார் படிவத்தைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை, மெழுகுவத்தி, பதினொரு கன மீட்டர் விறகு, திங்கட்கிழமை, வெள்ளைப் பெட்டி. எல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கின.

"அது வேற, இது வேற!" என்றான். கொஞ்சம் சத்தமாகவே. "அதுல பின்னாடி கடமான் தலை இருக்கும். இதுல கிடையாது. சத்தியமா கிடையாது. வேணும்னா கையை விட்டுத் தடவிப் பாருங்க."

ஹால்டிஸ் எழுந்து அடுப்புக்குப் பின்னால் கையை விட்டாள். மேலும் கீழும் தடவினாள். கையை எடுத்து, விரலில் ஒட்டிய காப்பிச் சக்கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து பேனாவை மூடிப் பையில் போட்டாள்.

"அடடா, அசலுன்னு நெனச்சுட்டேனே," என்றாள். "கடமான் போட்ட பட்டறை முப்பத்தாறுலயே எரிஞ்சுபோச்சு, அப்புறம் மான் இல்லாம வந்ததெல்லாம் நகல், ஏகிலும் அடுப்பைப் பழசாத்தான் வாங்கினார், அந்த மான் தலையைக் காட்டித்தானே போன வருஷம் அதைக் கழட்டி மாட்டினப்ப என்கிட்ட கையெழுத்தே வாங்கினார்."