ஊறுகாய் மீது விழுந்த பழி

குடிகாரர்களில் பல ரகம் உண்டு. அழுகிறவன், பாடுகிறவன், நடுரோட்டில் நின்று லாரிக்கு வழிகாட்டுகிறவன், தாத்தா காலத்து வரப்புத் தகராறைத் தோண்டி எடுத்துப் பங்காளி வீட்டுக் கதவைத் தட்டுகிறவன். இவர்களையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறொரு ரகம். குடித்த மறுநாள் காலை, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டு, "நேத்து அந்த ஊறுகாய்தான் சரியில்ல" என்கிறானே, அவன். அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சைடிஷ் துப்பறிவாளன். கொலை நடந்த வீட்டில் கத்தியோடு நிற்கிறவனைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, மூலையில் கிடக்கும் வெங்காயத்தைப் பிடித்து விசாரிக்கிறவன்.

இதைச் சொல்ல நீ யாரய்யா என்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதிதான். நாகமலை புதுக்கோட்டையில் வேப்பமரத்தடியில் ஒரு காற்றடிக்கிற பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், இன்றைக்கு அதே இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட டயர்க்கடை வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள்கூட என் கடை வாசலில் கைகட்டி நின்றிருக்கிறார்கள். ஸ்டெப்னி இல்லாமல் வந்தால் வேறென்ன செய்வார்கள்? இத்தனை வருடத்தில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. பஞ்சரானவன் ஒருவன்கூட ஆணியைத் திட்டமாட்டான். ரோட்டைத் திட்டுவான், டயர் கம்பெனியைத் திட்டுவான், பின்சீட்டில் இருக்கும் மாமியாரின் எடையை ஜாடையாகத் திட்டுவான். ஆணியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தால், "இது முன்னாடியே இருந்திருக்கும்ணே, இது ஒண்ணும் பண்ணிருக்காது" என்பான். ஆகவே இந்த ரகத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. டாக்டர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

இந்த ரகத்துக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால், என் தம்பி மகள் நாகஜோதியைக் கட்டியிருக்கும் மாப்பிள்ளை ஜெயபாண்டியைச் சொல்வேன். கான்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் கட்டுகிற சென்ட்ரிங் காண்ட்ராக்டர். மூன்றாவது மாடியில் ஒரு முட்டு சாய்ந்திருந்தால் கீழே நின்று டீ குடித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார். சொந்த வயிற்றுக்குள் எது சாய்ந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

வலி ஆரம்பித்தது டி. கல்லுப்பட்டியில் ஒரு காதணி விழாவுக்குப் போய்வந்த பிறகு. காது குத்தியது என்னவோ குழந்தைக்கு. மூன்று நாள் மயக்கத்தில் கிடந்தது மாப்பிள்ளை. நாலாம் நாள் கடைக்கு வந்தார், விலாவைப் பிடித்துக்கொண்டு. கூடவே சோணைமுத்து. சோணைமுத்து என்பவர் மாப்பிள்ளையின் கூட்டாளி. வேலையிலும் சரி, மாலையிலும் சரி.

"மாமா, அந்த பாக்கெட்டு ஊறுகாய்ல என்னமோ கலக்குறாய்ங்க. வயிறு பிடிச்சு இழுக்குது."

"ஆமாண்ணே, நானும் பாத்தேன். செவப்பு ரொம்பச் செவப்பா இருந்துச்சு" என்று சாட்சி சொன்னார் சோணைமுத்து.

அன்றோடு ஊறுகாய் தள்ளிவைக்கப்பட்டது. குடி தள்ளிவைக்கப்படவில்லை. அடுத்த வாரமும் வலி. அப்படியானால் சால்னா. சால்னா போனது. வலி போகவில்லை. குடல் வறுவல் போனது, அவித்த முட்டை போனது, மசாலாக் கடலை போனது. பாவம், யாருக்கும் தீங்கு நினைக்காத ஆம்லெட் போனது. கடைசியில் சோடாவின் மேல் சந்தேகம் வந்து, சோடாவும் போய், பச்சைத் தண்ணீர் வந்தது. தண்ணீர் ஜில்லென்று இருந்தது தப்பு என்று அதுவும் வெதுவெதுப்பானது. ஒரு நாள் ஒன்றுமே தொட்டுக்கொள்ளாமல் குடித்துப் பார்த்தார். அன்றைக்குத்தான் வலியில் உயிரே போயிற்று.

"பாத்தீங்களா மாமா? வெறும் வயித்துல குடிச்சா இப்படித்தான்."

எல்லோரையும் விசாரித்தாயிற்று. மேசை நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருத்தரை மட்டும் யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் மரியாதைப்பட்டவர் போலிருக்கிறது.

பகலில் இப்படி வீரமாகத் திரிகிற இந்த ரகம், வீட்டில் எல்லோரும் அசந்தபிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு வேறு ஆளாகிவிடும். "வலது பக்கம் வயிறு வலி எதனால்" என்று போனிடம் குசுகுசுவென்று கேட்கும். போன் முதலில் ஈரல் என்றது. மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. அடுத்துப் பித்தப்பை என்றது. நாலாவதாக, கர்ப்பமாகவும் இருக்கலாம் என்றது. "இதுக்கு ஒரு எழவும் தெரியல" என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

தூங்காதவள் நாகஜோதி. மறுநாள் என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, கண்ணு மஞ்சளா இருக்கு. கேட்டா வெயில்ல நின்னதுங்கிறாரு. வெயில்ல நின்னா கறுக்கத்தான செய்யும்? எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

நான் சொன்னால் யாராயிருந்தாலும் கேட்பார்கள், அது வேறு விஷயம். தல்லாகுளத்தில் ஒரு லேப்பில் ரத்தம் கொடுக்க வைத்தேன். முதல் நாள் ராத்திரி எதுவும் சாப்பிடாமல் வரச்சொன்னார்கள். மாப்பிள்ளை சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கு சைடிஷைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. எஸ்.ஜி.பி.டி. என்று ஒன்று. நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் முப்பத்தைந்தைத் தாண்டாத மனிதர், இதில் இருநூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருந்தார்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு காகிதம் கைக்கு வந்தால் யாரிடம் காட்டுவீர்கள்? டாக்டரிடமா? அப்படியானால் நீங்கள் இந்த ரகம் இல்லை. இந்த ரகம் டீக்கடையில் காட்டும், சலூனில் காட்டும், மாட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவரிடம் காட்டும். மாப்பிள்ளை நேராகக் கோர்ட்டுப் பக்கம் போய், வக்கீல் குமாஸ்தா நல்லகாமனிடம் காட்டினார். அவர்தான் இங்கிலீஷை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பவர். நல்லகாமன் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார்.

"மாப்ள, இது கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. பயப்படாத. வேற லேப்புக்கு அப்பீல் போ."

அப்பீலுக்கு மாப்பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரித் தயாரானார். காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாறு. மாலையில் வழக்கம்போல. உள்ளே போய் இரண்டும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த லேப்பில் இருநூற்று அறுபத்தெட்டு. அப்பீலில் தண்டனை கூடிவிட்டது.

"மாமா, எனக்குக் கீழாநெல்லி ஒத்துக்கலை."

அதற்கும் மேல் மிச்சமிருந்த குற்றவாளி பிளாஸ்டிக் கப். அதில் கெமிக்கல் இருக்கிறது என்று சோணைமுத்துவுக்கு வீடியோ வந்திருந்தது. ஆகவே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். அலமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்தார், பாருங்கள், அங்கேதான் விதி விளையாடியது. அது என் தம்பி கல்யாணச் சீராகக் கொடுத்த டம்ளர். வயிற்றில் "நாகஜோதி" என்று பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நாள் பாரில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார். நாலாம் நாள் டம்ளரை அங்கேயே மறந்துவிட்டார். பாரில் மேசை துடைக்கிறவர் நல்ல மனிதர். பெயரை விசாரித்து வீடு தேடி வந்து, "நாகஜோதிங்கிறது யாருங்க? டம்ளரை விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று தெருவே கேட்கும்படி கொடுத்துவிட்டுப் போனார்.

நாகஜோதி கத்தவில்லை. டம்ளரைப் புளிபோட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். சேலையை மாற்றினாள். "கிளம்புங்க" என்றாள். என்னையும் கூப்பிட்டுக்கொண்டு மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம்.

"எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"டெய்லி இல்ல சார். விட்டு விட்டுத்தான்."

"ஆமா சார்" என்றாள் நாகஜோதி. "தூங்கும்போது விட்டுருவாரு."

டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். மாப்பிள்ளை கட்டிலிலிருந்து ஒரு முழம் எழும்பினார். டாக்டர் ஸ்கேனையும் எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ஈரல் வீங்கியிருக்கு. இன்னைக்கு நிறுத்துனா வத்திரும், இன்னும் கெட்டுப்போகல. நிறுத்தலைன்னா, அடுத்த தடவை நீங்க நடந்து வரமாட்டீங்க. திடீர்னு விட்டா கை நடுங்கும், தூக்கம் வராது, அதுக்கு மாத்திரை தர்றேன். ரொம்ப ஆச்சுன்னா எந்நேரமானாலும் இங்க வந்துரணும்."

"சரிங்க சார்" என்று எழுந்த மாப்பிள்ளை, கதவுவரை போய்த் திரும்பினார். "சார், அந்த ஊறுகாய்...?"

எத்தனையோ வருடம் படித்த டாக்டர். பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே வண்டிச் சாவியைப் போடப்போனவருக்குச் சாவி உள்ளே இறங்கவில்லை. முதல்முறையாக மெதுவாகக் கேட்டார்: "மாமா, நான் போயிருவேனா?"

"டயர்ல கம்பி தெரியிற வரைக்கும் ஓட்டுனாத்தான் வெடிக்கும், மாப்ள. உங்களுக்கு மேல இருக்குற ரப்பர் பட்டன்தான் தேஞ்சிருக்கு. இன்னும் கம்பி தெரியல" என்றேன். சாவியை நாகஜோதி வாங்கிப் போட்டாள்.

அதன்பிறகு அவள் நடத்தினாளே ஒரு ஆராய்ச்சி, அதுதான் ஆராய்ச்சி. தள்ளிவைத்த குற்றவாளிகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு வரவழைத்தாள். டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டு, ஒரு நாள் ஆம்லெட், ஒரு நாள் சால்னா, ஒரு நாள் துளி குடல் வறுவல். சோறு தவறாமல், ஓரத்தில் அவள் கையால் போட்ட எலுமிச்சை ஊறுகாய். எல்லாம் உண்டு, அது ஒன்றைத் தவிர. முதல் சில நாள் மாப்பிள்ளை கூண்டுக்குள் போட்ட கிடா மாதிரிச் சுவரை முட்டினார், மாத்திரை போட்டார், எரிந்து விழுந்தார். பிறகு தூங்கினார். கண்ணில் வெள்ளை வந்தது. விலாவிலிருந்து கை இறங்கி, அந்தக் கைக்கே என்ன செய்வதென்று தெரியாமல் மீசையைத் தடவ ஆரம்பித்தது. மறுபடி ரத்தம் கொடுத்ததில் எண்பத்தொன்று. டாக்டர் சிரித்தேவிட்டார், "இப்படியே இருங்க" என்று.

அந்தக் காகிதத்தோடு மாப்பிள்ளை என் கடைக்கு ஓடிவந்தார். இனி மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது, ஆணியைக் கண்டுவிட்டார் என்று நானும் நம்பினேன்.

"மாமா, கண்டுபிடிச்சிட்டேன்! நாகஜோதி போடுற ஊறுகாய் ஒண்ணும் செய்யல பாத்தீங்களா? அப்ப கடை ஊறுகாய்தான் மாமா காரணம்! நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

நான் கையிலிருந்த டயர் கழற்றுகிற இரும்பு லிவரைக் கீழே வைத்தேன். தூக்கினால் என்ன செய்வேனோ என்று எனக்கே பயம்.

அன்று சாயங்காலம் சோணைமுத்து வாசலில் ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை ஒரு சின்ன டப்பாவைக் கழுவித் துடைத்து, அடுப்படிக்குள் நீட்டினார்.

"இதுல கொஞ்சம் ஊறுகாய் போட்டுக் குடு. சும்மா, சோணைமுத்து கேட்டான்."

நாகஜோதி அவரையும் பார்த்தாள், டப்பாவையும் பார்த்தாள். டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, ஊறுகாய் ஜாடியையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் பெயர் வெட்டிய டம்ளர். வெளியே வந்து மாப்பிள்ளை வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க வார?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க எங்க போறீங்களோ அங்கதான். என் ஊறுகாய் தனியா எங்கயும் போகாது."

சோணைமுத்து தன் வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஆக்சிலேட்டரை முறுக்கி யோசித்தார். பிறகு வண்டி என் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் வந்து நின்றது. நாகஜோதி டம்ளரை நீட்டினாள். அதில் டீ வாங்கிக் குடித்தார்கள். மாப்பிள்ளை டீக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். இன்றுவரை தினமும் சாயங்காலம் அந்த வண்டி வருகிறது, ஜாடியோடு. என்றைக்கு அவளும் ஜாடியும் இல்லாமல் வண்டி வேறு பக்கம் திரும்புமோ என்று எனக்குள் ஒரு பக்கம் பதறிக்கொண்டுதான் இருக்கிறது.

சிரித்தீர்களா? சிரியுங்கள், நானும் அதற்குத்தான் எழுதினேன். நேற்று நீங்கள் சாப்பிட்ட அந்தப் பரோட்டாவில் எண்ணெய் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். இந்தப் பக்கத்தைப் பிடித்திருப்பது உங்கள் இடது கை. சரி. வலது கை எங்கே இருக்கிறது?