மூணாங்குரல்

கேமரன் மலையில் துரைக்கும் பயப்படாமல், பேய்க்கும் பயப்படாமல், பிரிஞ்சாங் டவுனில் நடக்கும் ஒரு விசேஷத்தையும் விடாமல் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் மூணாங்குரல்தான். இதை மறுப்பவர்கள் எழுபதுகளில் அந்த மலையில் இருந்திருக்கவே முடியாது. இருந்திருந்தால் ஏதாவது ஒரு மனுவில் அவரிடம் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் ஏதாவது ஒரு கல்யாணத்தில் அவர் பாட்டைக் கேட்டிருப்பார்கள். பலருக்கு இரண்டும் ஒரே கல்யாணத்தில் நடந்திருக்கும்.

அப்பா அம்மா வைத்த பெயர் சங்கத்துப் புத்தகத்தோடு சரி. தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் மெஷினில் வேலை. தோட்டத்துச் சங்கக் கிளைக்குச் செயலாளர். வெள்ளிக்கிழமை வரை காக்கிச் சட்டை. சனிக்கிழமை வந்தால் பெல்பாட்டம், நாய்க் காது காலர், குதி உயர்ந்த பூட்ஸ். நான் அப்போது கிள்ளானிலிருந்து தானா ராத்தா பதிவு ஆபீசுக்கு மாற்றலாகி வந்த புதுக் கிராணி, அதாவது குமாஸ்தா. குடியுரிமை மனுக்களை வரிசையாக அடுக்குவது என் வேலை, அவற்றை எழுதிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்ப்பது அவர் வேலை.

பெயர்க் காரணம் சொல்ல வேண்டுமானால் முதலில் பனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் அந்த மலையில் பனி இறங்கும். பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது, கொழுந்துக் கூடை மட்டும் தனியே நடந்து போவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் தோட்டத்தில் யாரும் யார் கூப்பிட்டாலும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள். காரணம் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். அந்தக் காலத்தில் காடு வெட்டும்போது செத்துப்போன கங்காணி ஒருவர் இன்னும் பனிக்குள் நின்று பெரட்டு எடுக்கிறாராம். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்தி வைத்துப் பேர் கூப்பிடுவது. அவருக்கு ஆள் பற்றவில்லை. யார் பதில் சொன்னாலும் பேர் ஏறிவிடும். செத்தவர்களால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும், மூன்றாவது தடவை உயிரோடு இருப்பவன்தான் கூப்பிடுவான். அதனால் மூன்றாவது குரல் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

நான் முதலில் சிரித்தேன். ஒருநாள் பனியில் தனியாக நடந்து வந்தபோது பின்னால் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. கூப்பிட்டது பக்கத்து வீட்டுப் போஸ்ட்மேன் என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது தடவை கூப்பிட அவருக்குத் தோன்றவில்லை.

இந்தப் பழக்கத்தால் பெரிய அடி வாங்கியவர் தெய்வானை அக்கா. கொழுந்து எடுப்பவர், கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. மலையிலேயே பிறந்தவர், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாததால் கையில் சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும். பெர்மிட் நின்றால் வேலை நின்றது, வேலை நின்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனுப் போட்டு, ஒருவழியாக நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஆபீசுக்கு வெளியே கொட்டகையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். தூணில் கட்டிய ஒலிபெருக்கிப் பெட்டி அவர் பெயரைச் சொன்னபோது மணி மூன்று. பெட்டி இரண்டு தடவை கூப்பிட்டது. அக்கா குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். 'வரவில்லை' என்று எழுதிவிட்டார்கள்.

அன்றைக்கு அவரோடு துணைக்கு வந்திருக்க வேண்டிய செயலாளர், ஈப்போவில் ஒரு நண்பர் வீட்டுப் பிறந்தநாளில் ஆடிக்கொண்டிருந்தார். மறுநாள் வந்து, ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்.

"மூஞ்சி தெரியல தம்பி. ரெண்டு தரந்தான் கூப்புட்டுச்சு. மூணாந்தரம் வரவே இல்ல. நா எப்புடிப் பதில் சொல்றது?"

அந்தக் கேள்வி அவரை உலுக்கிவிட்டது. டவுன் சகவாசத்தை விட்டுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் விடவில்லை. அதற்குப் பதிலாக, அன்றிலிருந்து யாரை எதற்குக் கூப்பிட்டாலும் மூன்று தடவை கூப்பிட ஆரம்பித்தார். பிரிஞ்சாங் கோப்பிக் கடையில் புதுப் பையன் அவருக்கு மூன்று கோப்பி கொண்டுவந்து வைப்பான், அவரும் தர்மசங்கடப்பட்டு மூன்றையும் குடிப்பார். பேட்மிண்டன் ஆடும்போது 'அவுட்' என்று மூன்று தடவை சொல்லி முடிப்பதற்குள் எதிராளி அடுத்த பந்தைப் போட்டுவிடுவான். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

அவருக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது, அதெல்லாம் முதலாளிகள் கட்டிவிட்ட கதை என்று கூட்டத்தில் முழங்குவார். பிறகு ஏன் மூன்று தடவை கூப்பிடுகிறீர்கள் என்று ஒருநாள் மடக்கினேன்.

"எனக்கு நம்பிக்கை இல்லலா கிராணியாரே. ஆனா அவங்களுக்கு இருக்கே. நான் அவங்க செயலாளர்தானே?"

மனசாட்சியையும் கேரம் போர்டையும் ஒரே மேசையில் வைத்துச் சமாளித்தவர் அவர். பிரிஞ்சாங்கில் ஒரு கோப்பிக் கடை முதலாளி, மேசை துடைப்பவரைக் காரணமில்லாமல் நிறுத்திவிட்டார். உடனே மூணாங்குரல் அந்தக் கடையில் கால் வைக்க மாட்டேன் என்று அறிவித்தார். சிக்கல் என்னவென்றால், புதன்கிழமை கேரம் ஆட்டம் அந்தக் கடையில்தான். யோசித்தார். போர்டைக் கதவு வரை இழுக்கச் சொல்லி, பாதி உள்ளே பாதி வெளியே வைத்து, கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆடினார். பனி வாசல்வரை வந்து நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு ஆள் தெரியாது. வெள்ளையிலிருந்து ஒரு கை மட்டும் நீளும், காயைச் சுண்டும், திரும்பிப் போகும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தட்டில் இருந்த மீ நூடுல்ஸை அப்படியே விட்டுப் போனது. இரண்டாவது புதன்கிழமையே முதலாளி மேசை துடைப்பவரை வீடு தேடிப் போய் அழைத்து வந்தார். கோரிக்கை நியாயமானது என்பதற்காக இல்லை, கடைக்குப் பேய்ப் பெயர் வந்துவிடும் என்று.

கல்யாணங்களில் அவர்தான் பாடகர். இரண்டு பாட்டுக்கு நடுவே, லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதிய மனுவைச் சுற்றுக்கு விடுவார். ரிங்லெட்டில் ஒரு மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு அதில் கையெழுத்துப் போட்டார். கல்யாணப் பதிவில் போடும் கையெழுத்து என்று நினைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது.

தெய்வானை அக்காவுக்கு இரண்டாவது முறை நேர்காணல் வந்தது. இந்தத் தடவையும் 'வரவில்லை' என்று எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள். நாள் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. அதே சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிரிஞ்சாங் திடலில் பாட்டுப் போட்டி. மூணாங்குரலின் குழு மாதக் கணக்கில் பழகியிருந்தது. ஒன்பதுக்கும் மூன்றுக்கும் நடுவே எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று அவர் சந்தோஷமாக இருந்தார். ஈப்போவுக்குப் பரிகாரம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது.

விடிந்ததும் மேடைக்கு உடுத்தும் மஞ்சள் சட்டையிலேயே அக்காவை அழைத்து வந்துவிட்டார். ஆனால் மேலே வர வேண்டிய அதிகாரியின் கார், ரிங்லெட்டுக்குக் கீழே ரோட்டில் விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. பத்தானது, பன்னிரண்டானது, அதிகாரி வரவில்லை. இரண்டரைக்கு மேல் மூணாங்குரலால் தாங்க முடியவில்லை. அவர் போகாவிட்டால் குழுவில் இருந்த மற்ற நாலு பேரும் மேடை ஏற முடியாது. என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"அந்த ஐயா ரெண்டு தடவதான் கூப்புடுவாரு. மூணாவது நீங்க கூப்புடணும். வேற ஒண்ணும் வேணாம். செய்வீங்களா?"

இது ஒரு பெரிய விஷயமா என்று மார்தட்டினேன். அவர் மோட்டார் சைக்கிள் பனிக்குள் போனது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதிகாரி வந்து சேர்ந்தார். பசி, குளிர், தாமதம் எல்லாம் முகத்தில் தெரிந்தது. மைக்கை இழுத்தார். "தெய்வானை அனாக் பெரம்புவான் முத்துசாமி." முத்துசாமி மகள் தெய்வானை என்று அர்த்தம். கொட்டகையில் பனி புகுந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் வெறும் நிழல்களாகத் தெரிந்தார்கள். எந்த நிழலும் அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த அதிகாரிதான் என் வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர். அவர் கூப்பிட்டு முடித்த பேரை நான் மறுபடி கூப்பிட்டால் என்ன நினைப்பார் என்ற எண்ணம் வந்தது. அவ்வளவுதான். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. பேனா காகிதத்தைத் தொட்டது.

"தெய்வானையக்கா..."

தேயிலைச் சரிவுப் பக்கமிருந்து வந்தது குரல். ஒலிபெருக்கி இல்லை. மூணாங்குரல் கடைசி எழுத்தை இழுத்துவிடும் அதே இழுப்பு. நிழல்களில் ஒன்று எழுந்தது. "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு குழந்தையைக் கையில் பிடித்தபடி உள்ளே நடந்து வந்தது.

யார் கூப்பிட்டது என்று அதிகாரி மலாயில் கேட்டார். துவான், அதாவது ஐயா, நான்தான் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா கேட்ட கேள்விக்கெல்லாம் மலாயில் பதில் சொன்னார். சொல்லிக் கொடுத்த வாத்தியார் மூணாங்குரல் அல்லவா, ஒவ்வொரு பதிலையும் மூன்று தடவை சொன்னார். போதும் போதும் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

நான் வெளியே ஓடினேன். ரோட்டில் மோட்டாரும் இல்லை, மஞ்சள் சட்டையும் இல்லை. பனிதான் நின்றது. கொட்டகையில் இருந்தவர்களைக் கேட்டேன். எல்லோரும் கேட்டிருந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பிரிஞ்சாங்கிலிருந்து வந்த போட்டோக் கடைக்காரர் போட்டிக் கதையைச் சொன்னார். மூன்று மணிக்கு மூணாங்குரல் பாடிக்கொண்டிருந்தாராம். திடல் நிறைய ஜனம் பார்த்திருக்கிறது. பாட்டு நடுவில் திடீரென்று நிறுத்தி, தானா ராத்தா பக்கம் திரும்பி, யாரையோ கூப்பிடுவதுபோல் வாயை முழுக்கத் திறந்தாராம். மைக் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தபேலா கேட்டது, கித்தார் கேட்டது, அவர் குரல் மட்டும் அந்த ஒரு கூப்பாட்டு நேரத்துக்குத் திடலில் இல்லை. பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினார். கோப்பை வேறு குழுவுக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவரே வந்தார், திரிங்காப் தோட்டத்தில் விளைந்த முட்டைக்கோஸ் மூன்றைத் தூக்கிக்கொண்டு. அக்கா சொன்னாராம், நான் கூப்பிட்ட குரல் அச்சாக அவர் குரல் மாதிரியே இருந்ததாம். நன்றி சொல்லிவிட்டு, முட்டைக்கோஸை என் மேசையில் வைத்தார்.

"பாட்டு நடுவுல ஒங்க நெனப்பு வந்துச்சு கிராணியாரே. புது ஆளு, பயந்துட்டாரோன்னு. நீங்கதானே கூப்புட்டீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மூன்று முட்டைக்கோஸையும் நான்தான் தின்றேன். இதைவிட வெட்கக்கேடு என் உத்தியோகத்தில் வேறு கிடையாது.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. மலையை விட்டு இறங்கிப் பல வருஷமாகிவிட்டது. இந்த வருஷம் அவர் தவறிவிட்டார் என்று செய்தி வந்ததும் காரியத்துக்கு மேலே போயிருந்தேன். தோட்டத்து ஆட்கள் ஒரு பக்கம், கேரம் ஆடிய டவுன் சீனர்கள் ஒரு பக்கம், நடுவில் அவர் படத்துக்கு மாலை. தெய்வானை அக்கா அதே லயத்து வீட்டில்தான் இருக்கிறார், மகள் டீச்சராகிவிட்டாள். அவரிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். அன்றைக்குக் கூப்பிட்டது நானில்லை என்றேன்.

"தெரியும் தம்பி. நீங்க கூப்புட்டிருந்தா ஆபீசுல எழுதின பேருதான் வந்திருக்கும், 'அக்கா'ன்னு வந்திருக்காது. அவருக்கும் தெரியும். ஒங்ககிட்ட கேக்க வேணான்னு சொல்லிட்டாரு."

வெளியே வந்து நின்றேன். மூன்று மணி ஆகியிருந்தது, பனி இறங்கிக்கொண்டிருந்தது. லயத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. சரிவுப் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். அந்த ஊர் வழக்கம் எனக்கும் தெரியும், பெரட்டில் பேர் ஏறிவிடும் என்பதும் தெரியும். ஆனாலும் அந்தப் பனிக்குள்ளிருந்து அவர் குரல் என் பேரைச் சொன்னால், மூன்றாவது தடவைக்கு நான் காத்திருக்க மாட்டேன். முதல் தடவையிலேயே "இருக்கேன்" என்று சொல்லிவிடுவேன்.