ஆர்த்தீலியா பூன் கப்பலும் ஒரு பாட்டிலும்

"உங்க அம்மாவுக்குப் பிடிச்ச ஒயின் எது மேடம்?"

கடற்படை அலுவலகத்திலிருந்து லெப்டினன்ட் கார்ஸா என்ற இளம்பெண் போனில் இப்படிக் கேட்டபோது, வெர்டெல் கிளறிக்கொண்டிருந்த சோளக் கஞ்சி அடிபிடித்துவிட்டது.

"ஒயினா? எங்கம்மாவுக்கா? இருமல் மருந்தைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் எங்களுக்குக் குடுப்பா பொண்ணே! ஒரு கிறிஸ்மஸுக்கு யாரோ ரம் ஊத்தின கேக் குடுத்தாங்கன்னு அதைக் கொல்லையில குழி தோண்டிப் புதைச்சவ அவ."

"மன்னிச்சுக்கங்க மேடம். பேர் வைக்கறன்னிக்குக் கப்பல் முகப்புல ஒயின் பாட்டிலை உடைக்கறது வழக்கம். நீங்கதான் உடைக்கணும், அதான் கேட்டேன்."

அமெரிக்காவின் மிசிசிப்பிக் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் கால் நனைக்கலாம் என்றிருந்த காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷக் கோடையில் ஒரு நாள் காலை, வெர்டெலின் அம்மா ஆர்த்தீலியா பூன் தன்னைப் போன்ற கறுப்பர்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடலுக்குள் இறங்கினாள். கரையில் சங்கிலியும் தடியுமாக ஒரு கூட்டம் நின்றது. அடி, ஜெயில், வழக்கு என்று எல்லாம் பார்த்தாள். முழங்கால் தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போடும் தொப்பியோடு அவள் நிமிர்ந்து நிற்கும் போட்டோ வெர்டெல் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. அந்த முகத்தில் பயம் என்பதே கிடையாது. அவள் செத்து இருபது வருஷம் கழித்து, இப்போது கடற்படை தன் எரிபொருள் கப்பல் ஒன்றுக்கு அவள் பேரை வைக்கிறது.

வெர்டெலுக்கு வயது எழுபது. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். நாலு பேர் முன்னால் பேரைச் சொல்லச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். போட்டோவைத் துடைக்கும்போதெல்லாம், 'உன் வயித்துல நான் எப்படிம்மா பொறந்தேன்?' என்று கேட்டுக்கொள்வாள்.

"ஒயின் கூடவே கூடாது. திராட்சைச் சாறு வச்சுக்கலாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். அவர்களுடைய தேவாலயச் சபையில் திருவிருந்துக்கே புளிக்காத திராட்சைச் சாறுதான்.

"வச்சுக்கலாம் மேடம். ஆனா இதுக்குன்னு வர்ற ஒயின்ல நுரை முட்டிக்கிட்டு இருக்கறதாலதான் பாட்டில் சட்டுனு உடையுது. சாறுல அது இருக்காது. உடையலேன்னா கப்பலுக்கு ராசி இல்லேன்னு மாலுமிங்க பேசுவாங்க. அந்தப் பேச்சு லேசுல போகாது."

அம்மா பேருக்கு ராசியில்லாத பட்டமா? வெர்டெல் அன்று மத்தியானமே ஒத்திகையில் இறங்கினாள். வாசலில் நின்ற டிரக்கின் இரும்பு பம்பரில் சாறு நிரப்பிய ஒரு பாட்டிலை ஓங்கி அடித்தாள். பாட்டில் துள்ளி எழுந்து முன்விளக்கை உடைத்துவிட்டு, கீறல் இல்லாமல் புல்லில் உருண்டது.

கணவர் கிளீவ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "வெர்டி, கப்பலுக்கு விளக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டு வச்சுக்கோ."

"வாயை மூடு கிளீவ்."

மறுநாள் சபையின் பெண்கள் சங்கம் கூடியது. சாற்றில் நுரை வரவழைக்க ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கொஞ்சம் கலந்து, பத்து நாள் சபைச் சமையலறையில் வெதுவெதுப்பாக வைப்பதென்று தீர்மானமானது.

மூலையில் உட்கார்ந்து பீக்கன் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள் மிஸ் ஓசி மே. தொண்ணூறை நெருங்குகிறாள். அன்று கடலில் இறங்கிய பன்னிரண்டு பேரில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்.

"மிஸ் ஓசி, நீங்களே சொல்லுங்க. எங்கம்மா ஒரு சொட்டு தொட்டிருப்பாளா?"

"உங்கம்மா ஒரு சத்தியம் பண்ணா, சாகறவரைக்கும் மாற மாட்டா கண்ணு" என்றாள் ஓசி மே. இன்னொரு கொட்டையை உடைத்தாள்.

பதினோராம் நாள் நுரை பிரமாதமாக வந்திருந்தது. பாஸ்டர் டில்மன் ஒரு மடக்கு குடித்துப் பார்த்தார். முகம் மாறியது. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு மடக்கு குடித்தார்.

"சகோதரிகளே, இது ஒயின்."

"ஐயையோ!"

"அதுவும் நல்ல ஒயின். நூற்றுப்பத்து வருஷமா சொட்டு மது நுழையாத சபை இது. இப்ப நம்ம சமையலறையில இருபது பாட்டில் நிக்குது!"

இருபதையும் கொட்டிக் கவிழ்த்தார்கள். மூன்று நாளைக்குச் சபைக்குள் நுழைந்தவர்களெல்லாம் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பாஸ்டரையே பார்த்தார்கள். பக்கத்துச் சபைக்காரர்கள் சாக்குச் சொல்லி வந்து மோந்துவிட்டுப் போனார்கள்.

கடைசி யோசனை வெர்டெலுடையது. அம்மா இறங்கிய அதே இடத்துக் கடல் தண்ணீர். லெப்டினன்ட் மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கினாள். "அழகான யோசனை மேடம். ஆனா அதுலயும் நுரை கிடையாது. பலமா அடிக்கணும்" என்றாள்.

"ஐந்நூறு பிள்ளைங்களுக்குக் கஞ்சி கிளறின கை இது பொண்ணே."

அந்த நாளும் வந்தது. மேடை, வாத்தியம், கேமரா, வெள்ளை உடுப்பில் வரிசை வரிசையாக மாலுமிகள். தலைக்கு மேலே சாம்பல் நிறச் சுவராக எழும்பி நின்ற முகப்பில் அம்மாவின் பேர். அதைப் பார்த்ததும் வெர்டெலின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

முதல் அடி. பாட்டில் 'டங்'கென்று துள்ளியது. இரண்டாவது அடியில் கை வழுக்கியது. மூன்றாவது அடியிலும் பாட்டில் உடையாமல் போக, வாத்தியக்காரர்கள் வாசிப்பையே நிறுத்திவிட்டார்கள். மாலுமிகள் வரிசையில் முணுமுணுப்பு ஓடியது. ஒருவன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

போச்சு, அம்மா பேரைக் கெடுத்துவிட்டேன் என்று வெர்டெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

டக், டக் என்று கைத்தடிச் சத்தம் மேடைப் படியேறி வந்தது. ஓசி மே தன் கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். தொண்ணூறு வயசுக்காரியின் கைப்பையைச் சோதிக்க வாசலில் யாருக்கும் மனம் வந்திருக்கவில்லை.

"இதால அடி கண்ணு."

லெப்டினன்ட் ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

வெர்டெல் அடித்தாள். பழைய மெல்லிய கண்ணாடி. ஒரே அடியில் சுக்குநூறாகியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கப்பலின் சங்கு ஊதியது. அந்த இரைச்சலுக்குள் காட்டமான ஒரு வாடை எழுந்து மேடையெல்லாம் பரவியது. பாஸ்டர் டில்மன் மூக்கை உறிஞ்சினார்.

"விஸ்கியா?" வெர்டெல் சட்டென்று திரும்பினாள். "எங்கம்மா கப்பல் மேலயா? மிஸ் ஓசி, இது யாரோடது?"

"உங்கம்மாவோடதுதான் கண்ணு. அன்னிக்கு அவளுக்கும் கை இப்படித்தான் நடுங்குச்சு, இதுல ரெண்டு மடக்கு குடிச்சுட்டுத்தான் கடல்ல இறங்கினா. உசுரோட கரையேறினா இனிமே சொட்டுகூடத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணி, மீதியை என் கையில குடுத்தா."

வெர்டெல் தன் கையைப் பார்த்தாள். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஓசி மே அந்தக் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தாள். பிறகு பாட்டில் சுற்றியிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, படியிறங்கிப் போனாள்.