எதிர்க்காற்றுக்கு நீலத் தட்டு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் வலது தோள்பட்டை நீங்கலாக இங்கே அனைவரும் சௌக்கியம். நீங்களும் சம்பந்தியம்மாளும் உங்கள் மருந்துக்கடையும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன்.

கல்யாணமான பெண் ஞாயிறுதோறும் பூங்காவில் தட்டு வீசித் திரிவதா, நீங்களாவது கண்டிக்கக் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். கண்டிக்கத்தான் போனேன். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், "வாங்க மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க, இந்தப் பையக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். பிடித்தேன். ஆறு வாரமாகியும் இறக்கி வைக்கவில்லை. டிஸ்க் கோல்ஃப் என்று பெயராம். சங்கிலி தொங்கும் கம்பிக் கூடைக்குள் தட்டைப் போட வேண்டும், குறைந்த வீச்சில் போட்டவர் ஜெயித்தார். தொலைவுக்கு ஒரு வகைத் தட்டு, கிட்டத்துக்கு ஒரு வகை, நடுத்தூரத்துக்கு மட்டும் மூன்று. மஞ்சள் நேர்கோட்டில் போகும். சிவப்பு முரடு, எதிர்க்காற்றுக்கு அசையாது, கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். நீலம் இளகின மனசு, வலப்பக்கமாக நழுவிவிடும். உங்கள் பெண் ஒரு புல்லைக் கிள்ளி மேலே போடுவாள், அது பறக்கிற திசையைப் பார்ப்பாள், கை தானாக ஒரு தட்டை எடுக்கும். முப்பத்தொரு வருஷம் வளைவு வளைவாக பஸ் ஓட்டிய நான் வாயைப் பிளந்து நின்றேன். நானும் ஒன்றை வீசிப் பார்த்தேன். புல் வெட்டுகிறவரின் தொப்பியைத் தட்டிவிட்டு அவரோடு சமாதானமாகப் போனதில் அரை நாள் கழிந்தது.

போன ஞாயிறு போட்டி, மகனும் வந்திருந்தான். கடைசிக் கூடை வரைக்கும் இவளும் எதிர்த்து ஆடிய ஒரு பல் டாக்டரம்மாவும் சமம். எதிரே ஒரு பெரிய மரம், அதற்குப் பின்னால் இடப்பக்கம் கூடை, வலப்பக்கம் குளம், முகத்தில் அறைகிற காற்று. டாக்டரம்மா கூடைக்கு நாலடி தள்ளிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த நேரம் பார்த்து உங்கள் பெண், "எந்தத் தட்டு மாமா? நீங்களே குடுங்க" என்றாள். இவ்வளவு காற்றில் முரட்டுத்தனம் எதற்கு, நயமாகப் போவோம் என்று என் டிரைவர் மூளை சொல்ல, நீலத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

"நீலமா? குளத்துக்கா?" என்று டாக்டரம்மா சிரித்தார்.

"எங்க மாமா யோசிக்காம குடுக்க மாட்டாரு" என்றாள் இவள்.

அப்போதுதான் தப்பு எனக்கே உறைத்தது. ஆனால் சம்பந்தி, அந்த வீச்சை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நீலத்தின் வெளிவிளிம்பைத் தரை பார்க்கச் சாய்த்து விட்டாள். குளத்துப் பக்கம் ஓடப் பார்த்த தட்டு, அந்தச் சாய்வினால் மெல்ல நிமிர்ந்து, மரத்தைச் சுற்றிப் போய்க் கூடையின் காலடியில் உட்கார்ந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் முடிந்து கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா நாலடியிலிருந்தும் கூடையைத் தவறவிட, இவள் ஜெயித்துவிட்டாளாம். "தட்டு எடுத்துக் குடுத்தது எங்க மாமா" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஆகவே அவளை நான் கண்டிப்பதாக இல்லை. தட்டு விஷயத்தில் உங்கள் வார்த்தையைத் தட்டியதற்கு மன்னிக்கவும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். நல்ல பிள்ளையைப் பெற்றவர்கள் நூறாண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பை தூக்கும் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மகன் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அப்பா, அவ நீலத்தப் போடவே இல்ல. நீங்க கண்ண இறுக்க மூடிட்டு நின்னீங்க. உங்க தோள்ல தொங்கின பையிலயே நீலத்த வச்சிட்டு சிவப்ப எடுத்துக்கிட்டா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லாரையும் மிரட்டி வச்சிருக்கா" என்கிறான். ஆகையால் தட்டு பறந்ததாக நான் எழுதியதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடவும். உங்கள் பெண்ணைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் படிக்கவும்.